நினைவும் பற்றும்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌரா ஜில்லாவில், சாந்த்ராகாச்சி என்றோர் ஊர் உளது. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயில் ஹௌராவை அடையுமுன் அவ்வூரைக் கடந்து செல்லும். நிலையத்தை அடுத்த ஏரியில் குளிர்காலந்தோறும் பறவைக் கூட்டங்கள் வந்திறங்குகின்றன. அவற்றுள் சில இமயத்துக்கு அப்பாலிருந்து வருவன. வேனில் தோன்றியதும் அவை மீண்டும் எழுந்து சென்றுவிடும். பறவைக்கு இவ்வளவில் காரியம் முடிந்தது. மனிதனுக்கோ முடிவதில்லை. அவன் விட்டுவந்த வீட்டை நெஞ்சில் சுமந்துகொண்டே திரிகின்றான். ‘நான்’ என ஒன்று நிலையாக இல்லை என்னும் அநாத்ம தத்துவத்தை ஏற்றுக்கொண்ட நாம், இச்சுமையை என்னென்று கொள்வது? குடும்ப நினைவைப் போற்றுதல் பற்றாகுமா? அதனை மறத்தல் துறவாகுமா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் ஓர் ஓவியரின் வாழ்வை நோக்குவோம். ஜரீனா ஹாஷ்மி என்னும் அம்மையார் 1937-ல் அலிகாரில் பிறந்தவர். தந்தையார் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியர். 1947-ல் தேசம் பிரிவினையுற்றபோது ஜரீனா பத்து வயதுச் சிறுமி. பின்னாளில் குடும்பத்தார் பாகிஸ்தானத்துக்குக் குடிபெயர்ந்தனர். ராஜதந்திரப் பணியிலிருந்த கணவருடன் அவர் பல நாடுகளில் வாழ்ந்தார். பாங்காக்கில் மரச்செதுக்கு அச்சுக்கலையை அறிந்தார். பாரிஸில் ஹெய்டரிடம் பயின்றார். 1974-ல் டோக்கியோ சென்று, தோஷி யோஷிதாவின் பட்டறையில் ஜப்பானிய மரஅச்சு முறையைக் கற்றார். அதன்பின் நியூயார்க்கில் தங்கினார். 2020-ல் லண்டனில் காலமானார்.

அந்நிய மண்ணில் கற்ற அக்கலை, அவரை எங்கே அழைத்துச் சென்றது? அலிகார் வீட்டின் முற்றத்துக்கே அழைத்துச் சென்றது. ‘இல்லம் ஓர் அயலிடம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, 1999-ல் முப்பத்தாறு மரஅச்சுப் படங்களை அவர் வெளியிட்டார். வீடு, வாயிற்படி, கதவு, முற்றம் என்றாற்போல் ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல்லும் சில கோடுகளுமே உள்ளன. கராச்சியிலிருந்த தமக்கையார் எழுதியும் அனுப்பாது வைத்திருந்த கடிதங்களைக் கொண்டு 2004-ல் மற்றொரு வரிசையையும் ஆக்கினார். பெற்றோர் மறைவையும் வீடு கைம்மாறியதையும் கூறும் எழுத்துக்களின் மேல் வீட்டின் வரைபடத்தைப் பதித்தார். வீடு போயிற்று, மனிதர் போயினர், எஞ்சியவை சில கோடுகள். அவற்றைப் பார்ப்போர் எந்நாட்டவராயினும் தத்தம் வீட்டையே அங்குக் காண்கின்றனர்.

இது தமிழ்ப் பௌத்தர்க்குப் புதிய செய்தியன்று. நமது மணிமேகலை கடல்கடந்து மணிபல்லவத் தீவில் தனித்து நின்றபோது, புத்தபீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்தாள். தான் இலக்குமியாய்ப் பிறந்து இராகுலனுக்கு மனைவியாயிருந்ததை அறிந்தாள். இன்று தாயாகிய மாதவியும் தோழியாகிய சுதமதியும் அன்று தன் தமக்கையர் என்பதையும் அறிந்தாள். தமக்கை தாயாகின்றாள், கணவன் அயலான் ஆகின்றான். உறவு என்பது காரணகாரியத் தொடர்ச்சியேயன்றி நிலைத்த உடைமை அன்று என்னும் உண்மையை அவளுக்கு உணர்த்தியது நினைவேயாகும். அவ்வறிவோடு அவள் ஓய்ந்திருந்தாளோ? அமுதசுரபியை ஏந்தி ஊர்திரும்பி, பசித்தவர்க்குச் சோறிட்டாள்.

அதே பீடிகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. நாகநாட்டு அரசர் இருவர் அதனைத் தமது தமதென்று கூறிப் போரிட்டனர். புத்தபெருமான் தோன்றி அப்பூசலைத் தவிர்த்து அதன்மீதமர்ந்து அறம் உரைத்தருளினார். ஆகவே பொருள் ஒன்றே. அதனை ‘எனது’ என்று பற்றியவர்க்கு அது பகையாயிற்று. அதன்முன் நின்று தன்னை உணர்ந்தவளுக்கு அது கருணையாயிற்று. பாலி மொழியில் ‘ஸதி’ என்னும் சொல் நினைவையும் விழிப்பையும் ஒருங்கே குறிக்கும். எட்டு வழிகளுள் ஒன்றாகிய நற்கடைப்பிடி அதுவே. நினைவே தீதாயின் பகவான் அதனை மார்க்கத்தில் வைத்திரார்.

இவ்விசாரம் நமக்கு வெறும் வாதமன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார். இழிவு சுமத்தப்பட்ட மக்களுக்கு, உங்கள் முன்னோர் பௌத்தர் என்று அவர் நினைவூட்டினார். அந்நினைவு குனிந்த தலைகளை நிமிர்த்தியது. 1956-ல் அண்ணல் அம்பேத்கருடன் நாகபுரியில் தம்மம் தழுவியவர்களும், தமக்கிழைக்கப்பட்டதை மறந்து அங்கு வந்தவரல்லர். ‘எல்லாம் அநித்தியம், பழையதை மறந்துவிடுங்கள்’ என்று துன்புற்றவனிடம் உபதேசிப்பது ஞானமாகாது, பல வேளைகளில் அது துன்புறுத்தியவனுக்கே துணையாகும். எனினும், மீட்ட பெருமையையே புதியதொரு குலச்செருக்காக்கிப் பிறரைத் தாழ்வாக எண்ணுவோமாயின், நாமும் நாகவரசர் வழியிலேயே நிற்போம்.

‘நான் என் குலமே’ என்பது ஓர் அந்தம். ‘நேற்றென்பதே எனக்கில்லை’ என்பது மற்றோர் அந்தம். இரண்டையும் விலக்கி நடத்தலே மத்திம வழி. விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் ஒன்றேயன்று, வேறுமன்று. நாமும் நம் முன்னோரும் அவ்வாறே.

ஆதலின் நம் பாட்டன்மாரின் ஊரையும், அவர்கள் பட்ட துயரையும், இழந்த வீட்டையும் நம் மக்களுக்குச் சொல்லுவோம். சொல்லும்போது ஒன்றை மட்டும் கவனிப்போம்: இதனைக் கேட்ட குழந்தை, வீடிழந்த வேறொரு குழந்தையைக் கண்டால் தன் சோற்றைப் பகிருமா? பகிருமாயின் அந்நினைவு அறத்தின்பாற்பட்டது.