முளைப்பது வேறு, துளிர்ப்பது வேறு

விதை முளைக்கும், வெட்டிய கட்டை துளிர்க்கும். பேச்சில் இரண்டையும் ஒன்றுபோலச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பொருள் வேறு. முளைக்க வேண்டுமானால் விதை விழ வேண்டும். துளிர்க்க வேண்டுமானால் வேர் முன்பே மண்ணில் இருக்க வேண்டும்.

சோளிங்கர் பக்கத்துக் கரடுகளில் ஆவாரஞ்செடி நிற்கிறது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் முன்னாளில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் நம்பியிருந்தார்கள். பட்டைக்காகக் கிளைகளை வெட்டிக் கொண்டுபோவார்கள். கட்டைதான் மிஞ்சும். மழை பெய்ததும் அந்தக் கட்டை துளிர்க்கும். அதற்கு யாரும் விதை போடவில்லை. வெட்டியவர் கண்ணில் படாத வேர் அடியில் இருந்தது.

திருவிதாங்கூரில் எளிய மக்களை அப்படித்தான் வெட்டி வைத்திருந்தார்கள். தலைக்கு வரி, தலைப்பாகைக்குத் தடை, பெண்கள் மார்பை மறைக்கவும் தடை. கொல்லம் 1008 மாசி 20 அன்று, அதாவது 1833இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்த அய்யா, அந்த மக்களைத் தலைப்பாகை கட்டியே வணங்கச் சொன்னார். எல்லாச் சாதியாரும் முத்திரிக்கிணற்று நீரில் ஒன்றாய்க் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார். இல்லாத மானத்தை அவர் கொண்டுவந்து நடவில்லை. இருந்த வேருக்கு நீர் வார்த்தார். பள்ளியறைக் கண்ணாடியில் நம் முகமே நமக்குத் தெரிவதும் அந்த வேரைக் காட்டத்தான்.

அப்படியானால் முளைக்க வேண்டியது எது? தர்மம் செய்யும் பழக்கம். அது தானாக வராது. வாகைப்பதியில் 700 குடும்பத்தார் துவையல் தவசு இருந்து, தூய்மையையும் ஒற்றுமையையும் நாள்தோறும் பழகினார்கள். விதைத்த பயிருக்கு நாள்தோறும் கவனிப்பு வேண்டுமல்லவா?

தோல் வேலை செய்கிறவர் என்று ஒருவரைத் தள்ளி நிறுத்துகிறவர் கட்டையை மட்டும் பார்க்கிறார், வேரைப் பார்க்கவில்லை. அவருக்குச் சோறிட்டுவிட்டு, "நான்தான் இவரை ஆளாக்கினேன்" என்பவரும் அதே தவறைச் செய்கிறார். விதைத்தவர் விளைச்சலில் பங்கு கேட்கலாம். துளிர்த்ததில் பங்கு கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த வேர் அய்யா வைத்த வேர்.

ஆகவே மக்களே, பிறர் மானம் துளிர்க்கும்போது வழிவிட்டு நில்லுங்கள். உங்கள் நெஞ்சில் தர்மம் முளைக்க நாளும் நீர் வாருங்கள்.

அய்யா உண்டு.