போற்றுதல் ஊதியமாகுமா?

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் உயரத்தைக் கண்டு வியப்பர். அடிவாரத்து நெற்களஞ்சியத்தை ஒரு பார்வையோடு கடந்துவிடுவர். ஆனால் 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முயன்ற கோட்டை அது. மலையும் மதிலும் மட்டும் ஒரு கோட்டையைக் காப்பதில்லை. காவல் நிற்பவனுக்குச் சோறு வேண்டும். வீரத்தைப் பாடுவோர் இதை மறந்தாலும், கோட்டையைக் கட்டியோர் மறக்கவில்லை.

பள்ளியை நடத்துவோருக்கும் இந்த நினைவு வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அடுத்தடுத்த இரு வகுப்பறைகளை எண்ணிப் பார்ப்போம். ஓர் ஆசிரியை அரசு ஏற்ற பணியிடத்தில் இருக்கிறார். ஊதியமும் விடுப்பும் விதிப்படி வருகின்றன. மற்றவர் நிர்வாகம் அமர்த்தியவர். மணி ஒன்றே, பாடநூல் ஒன்றே, தேர்வும் ஒன்றே. ஊதியமோ முன்னவருடையதில் ஒரு சிறு பகுதி. மகப்பேற்று விடுப்பு நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. அவர் வாய் திறந்தால், ஆசிரியப் பணி அறப்பணி அன்றோ என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது.

அறப்பணி என்னும் பெயர் ஊதியத்தைக் குறைக்கக் காரணமாகுமா?

கோவாவில் அருட்கன்னியர் நடத்திய பள்ளியில் 1975இல் பணிநீக்கம் செய்யப்பட்ட ஓர் ஆசிரியையின் வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உயர்ந்ததோர் அழைப்பு. ஆதலால் ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டம் குறிக்கும் தொழிலாளர் அல்லர் என்றது. 2004இல் பணிக்கொடைச் சட்டத்தின் 'ஊழியர்' என்னும் வரையறைக்குள்ளும் ஆசிரியர் வாரார் என்றது. பாராளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் அவ்வுரிமையை வழங்கியது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022இல்தான் திருத்தம் செல்லும் என்று முடிவாயிற்று. உயர்ந்தவர் என்று போற்றியே ஒருவரை உரிமைக்கு வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சிறுபான்மையுரிமை இங்கே கேடயமாகுமா? அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு நமக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தந்துள்ளது. ஆயினும், உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளி ஆசிரியருக்குப் பிற பள்ளிகளுக்கு இணையான ஊதியத்தை மறுத்த தில்லிச் சட்டப்பிரிவு, 1986இல் பிராங்க் அந்தோணி பள்ளி வழக்கில் செல்லாததாயிற்று. நியாயமான ஊதியம் தரச் சொல்வது அவ்வுரிமையைப் பறிப்பதாகாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட இயலாது. கட்டணத்தை உயர்த்தினால் ஏழைக் குழந்தை வெளியேறும். உயர்த்தாவிடில் ஊதியத்துக்குப் பணம் எங்கே? உண்மையே. ஆனால் அந்தப் பற்றாக்குறையை இன்று யார் சுமக்கிறார்? மிகக் குறைவாகப் பெறும் ஆசிரியையே சுமக்கிறார். ஏழைக் குழந்தையின் கல்விக்கு அவர் வீட்டு உலையிலிருந்து அரிசி எடுக்கப்படுகிறது. கொடையாளர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை.

ஒப்புக்கொண்டுதானே கையெழுத்திட்டார் என்பர் சிலர். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதற்கு விடை உண்டு. உழைப்பவர் இசைந்தார் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது. இயற்கை நீதி ஒப்பந்தத்துக்கு மேலானது. சிக்கனமாக வாழும் உழைப்பாளியைத் தாங்குவதற்கு அக்கூலி போதுமானதாய் இருக்க வேண்டும். வேறு வழியற்றவரின் இசைவு இசைவாகாது.

ஒருவர் தம் உழைப்பைத் தாமே மனமுவந்து தருவது தொண்டு. அவரிடமிருந்து நாம் பிடித்தம் செய்துகொண்டு அதற்குத் தொண்டு என்று பெயரிடலாகாது. வேலையாளின் கூலியை நிறுத்திவைத்தோரை யாக்கோபின் திருமுகம் கடிந்துரைக்கும் இடத்தை நாம் பிறருக்காக மட்டும் வாசிக்கிறோமா?

பள்ளியின் வரவு செலவைப் பங்கு மக்கள் முன் வைக்கலாம். ஏழை மாணவரின் கட்டணத்தைப் பங்கு முழுவதும் பகிர்ந்து ஏற்கலாம். ஊதியத்தையும் விடுப்பையும் எழுத்தில் உறுதி செய்யலாம். இவை கடினமானவையே. ஆனால் அந்தக் கடினத்தை இதுவரை ஒருவரே தாங்கி வந்தார் என்பதை உணர்ந்தால், பகிர்ந்துகொள்வது பெருந்தன்மை அன்று, பட்ட கடனைத் தீர்ப்பதே என்பது விளங்கும்.