யந்திர ஏஜெண்டும் மனிதன் கையெழுத்தும்

வியாபாரிகளாகிய நமக்கு ‘ஏஜெண்டு’ என்ற சொல் புதிதன்று. சரக்குப் பிடிக்க ஒருவர், கப்பலில் ஏற்றி அனுப்ப ஒருவர் என்று பழகியவர்கள் நாம். நம் சார்பில் அவர் பேசி முடித்த பேரம் நம்மைக் கட்டும் என்பதும் தெரியும். லாபம் நமக்கு, நஷ்டம் ஏஜெண்டுக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தப் பழைய நியாயத்தைச் சோதிக்க இன்று புதிய ஏஜெண்டு ஒன்று வந்திருக்கிறது. அதற்குக் கையுமில்லை, காலுமில்லை. அது யந்திர அறிவு.

சேமிப்பை எதில் போடலாம், இன்ஷ்யூரன்ஸ் எவ்வளவு எடுக்கலாம் என்று யோசனை சொல்லும் நிதி ஆலோசனை ஸ்தாபனங்களில் இது நுழைந்துவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிற்கும் யந்திரம் ஒரு வகை. இந்த ஏஜெண்டு அப்படியன்று. “நாளை வரும் வாடிக்கைக்காரருக்கு வேண்டியதைத் தயார் செய்” என்றால், வேலையைத் தானே பல படிகளாகப் பிரித்து, பழைய கோப்புகளைத் திறந்து, கணக்குப் பார்த்து, கடிதமும் எழுதிவைக்கும்.

இதற்கு முன்னோடியாக, அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி ஸ்தாபனம் 2023-ஆம் ஆண்டில் தன் ஆலோசகர்களுக்கு ஒரு யந்திரத் துணையைக் கொடுத்தது. ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி ஏடுகளில் தேடி விடை சொல்வது அதன் வேலை. 2024-ல் மற்றொன்று வந்தது. வாடிக்கைக்காரர் சம்மதித்தால், இது பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் எழுதி வைக்கும். ஆலோசகர் அதைப் பார்த்து, திருத்தி, அனுப்ப வேண்டும்.

இதில் நன்மை இல்லாமலில்லை. கிராணி அரை நாள் உட்கார்ந்து எழுதுவது சில நிமிடங்களில் முடிகிறது. மிச்சமான நேரத்தில் வந்தவரின் குடும்ப நிலையைப் பொறுமையாகக் கேட்டால், அதைவிட நல்லது ஏது?

ஆனால் ‘பார்த்து, திருத்தி’ என்ற இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தொண்ணூற்றொன்பது கடிதங்கள் சரியாக இருந்துவிட்டால், நூறாவது கடிதத்தை யார் வாசிக்கிறார்கள்? நம்பிக்கையான கணக்கப்பிள்ளை நீட்டிய சிட்டையில் கண்ணை மூடிக் கையெழுத்திட்ட முதலாளிகள் நம்மிடையே இல்லையா?

ஒரு விதவைத் தாய் ஆலோசகரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் படிப்புக்கு அடுத்த ஆண்டே பணம் தேவைப்படும் என்று, பேச்சோடு பேச்சாகத் தணிந்த குரலில் சொல்கிறார். யந்திரத்தின் குறிப்பில் அது விடுபட்டுப் போகிறது. பத்து வருஷம் எடுக்க முடியாத திட்டம் ஒன்று அழகான காகிதத்தில் வருகிறது. ஆலோசகர் வாசிக்காமல் கையெழுத்திடுகிறார். அந்தத் தாய் யந்திரத்தை நம்பவில்லை. எதிரே இருந்த முகத்தை நம்பினார். அவர் ஒப்படைத்தது அமானிதம்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. துக்க காரியத்துக்குப் பயணம் செய்த ஒருவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் பேசும் யந்திரம் தவறாகச் சொல்லிவிட்டது. தன் சொல்லுக்கு அந்த யந்திரமே பொறுப்பு என்று வாதாடியது விமானக் கம்பெனி. கனடாவின் தீர்ப்பு மன்றம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2018-லேயே, யந்திர அறிவு சொந்தமாகச் செய்ததானாலும் வெளியில் வாங்கியதானாலும் பொறுப்பு ஸ்தாபனத்துடையதே என்ற கோட்பாட்டை வெளியிட்டது.

ஆனால் சட்டம் நஷ்டம் வந்த பிறகு பேசுவது. மனச்சாட்சி கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டியது. கையெழுத்து என்றால் என்ன? “நான் பார்த்தேன்” என்ற வாக்குமூலம். பார்க்காமல் போட்டால், காகிதத்திலுள்ள கணக்கு முழுதும் சரியாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து பொய்யே. சரியாக முடிந்தது அதிர்ஷ்டமே தவிர நேர்மையன்று.

“மனிதன் தவறுவதில்லையா? களைத்த கிராணியை விட யந்திரம் மேலல்லவா?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், பல வேலைகளில் மேலாகவே இருக்கலாம். ஆனால் தவறே செய்யாத ஒருவர் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தவறினால் முன்னால் வந்து நின்று, “என் பிழை” என்று சொல்லி ஈடு செய்பவர் வேண்டுமென்றே கேட்கிறோம். வேலையை யந்திரத்திடம் கொடுக்கலாம். பதில் சொல்லும் கடமையைக் கொடுக்க முடியாது.

ஆகவே, நிதி ஆலோசகரிடம் போகும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இதை எழுதியது யார்? நீங்கள் வாசித்தீர்களா? பிசகினால் யார் பொறுப்பு? நம் கடைக் கணக்குக்கும் கொள்முதலுக்கும் இந்த ஏஜெண்டு வரும் நாளில், இதே மூன்று கேள்விகளை நம் வாடிக்கைக்காரர் நம்மிடம் கேட்பார். அப்போது தயங்காமல் பதில் சொல்ல இன்றே பழகிக்கொள்வோம்.