பொன் தேடியோர் கண்ட நீதி

அரசும் சட்டமும் இல்லாதவிடத்து மனிதன் நீதியுடன் ஒழுகுவானா? தத்துவஞானிகள் கற்பனையில் வைத்து ஆராய்ந்த இவ்வினாவுக்கு வரலாறு சில வேளைகளில் உண்மையான சோதனைக் களங்களையே அமைத்துத் தந்துள்ளது. கலிபோர்னியாவின் பொன்வயல்கள் அத்தகையன.

1848 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் திகதி, கொலோமா என்னுமிடத்தில் மரம் அரியும் ஆலையொன்றின் நீர்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் பொற்றுகள்களைக் கண்டார். ஒன்பது நாட்களின் பின், அப்பிரதேசத்தை ஐக்கிய அமெரிக்காவுக்குக் கையளிக்கும் உடன்படிக்கையில் மெக்சிக்கோ ஒப்பமிட்டது. பழைய ஆட்சி அகன்று புதிய ஆட்சி வேரூன்றாத அவ்விடைவெளியிலேயே பொன் தேடுவோர் வந்து குவிந்தனர். ஏறத்தாழ 1,000 பேர் வாழ்ந்த சான்பிரான்சிஸ்கோ, 1849 இன் இறுதியில் ஏறத்தாழ 25,000 பேரைக் கொண்ட நகராயிற்று. மாலுமிகள் கைவிட்டோடிய கப்பல்கள் களஞ்சியங்களாகவும் விடுதிகளாகவும் மாறின. கிழக்கு மாநிலங்களில் கூலியாளொருவனின் நாளூதியமாகிய ஒரு டொலர், இங்கு ஒரு முட்டையின் விலையாயிற்று. பெண்கள் மிகச் சிலரே ஆதலின், வழக்கறிஞனும் வைத்தியனும் தம் கையாலேயே சமைத்தும் துவைத்தும் வாழ்ந்தனர். பிறப்பும் கல்வியும் தந்த உயர்வு ஆற்றுமணலில் செல்லுபடியாகவில்லை.

இம்மனிதர் தமக்குரிய விதிகளைத் தாமே வகுத்தனர். பாளையந்தோறும் கூட்டம் கூடி, ஒருவன் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் அளவைத் தீர்மானித்தனர். குழியில் விடப்பட்ட மண்வெட்டி உரிமையின் அடையாளமாயிற்று. குறித்த நாட்கள் வேலை செய்யாதவன் உரிமையை இழந்தான். உழைப்பே உடைமையை ஆக்குகின்றது என்னும் லொக்கின் கோட்பாடு இங்கு அன்றாட வழக்கமாயிற்று எனலாம். இவ்வழக்காறுகளை 1866 இல் ஐக்கிய அமெரிக்காவின் சட்டமே ஏற்றுக்கொண்டது.

ஆயின், உழைப்பே உரிமைக்கு அடிப்படையெனின், அவ்வுரிமை உழைத்தோர் யாவர்க்கும் கிட்டியிருத்தல் வேண்டும். மெக்சிக்கோவின் சொனோராவிலிருந்தும் சிலியிலிருந்தும் வந்தோர் அகழ்தொழிலில் தேர்ந்தவர். புதியவர் பலர் அவர்களிடமே தொழில் கற்றனர். அவர்களைக் குறிவைத்து 1850 இல் அந்நிய அகழ்வோர்மீது மாதம் 20 டொலர் வரி விதிக்கப்பட்டது. சீனர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட வெள்ளையரின் வழக்கில், வெள்ளையருக்கெதிராகச் சீனர் சாட்சியம் அளித்தல் செல்லாதென மாநில உயர் நீதிமன்றம் 1854 இல் தீர்ப்பளித்து அத்தண்டனையை நீக்கியது. கொலோமாவோ நிசெனான் மக்களின் தாயகம். அவர்களின் உரிமை எக்கூட்டத்திலும் எண்ணப்படவில்லை. 1840களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த கலிபோர்னியப் பழங்குடியினரின் தொகை, நோயாலும் பசியாலும் படுகொலையாலும் 1870 அளவில் ஏறத்தாழ 30,000 ஆகக் குறைந்தது.

இதற்குப் பற்றாக்குறையே காரணம் எனச் சிலர் வாதிக்கலாம். வளம் மிகப் பெருகிய நிலையில் நீதி வேண்டப்படுவதில்லை, கொடிய வறுமையில் அது நிலைப்பதில்லை என்பது ஹியூமின் கருத்து. மேற்பரப்புப் பொன் குறையக் குறையப் பூசல் பெருகியமை உண்மையே. எனினும், பற்றாக்குறை பூசல் எழுவதை விளக்குமேயன்றி, அப்பூசலில் இழக்க வேண்டியவர் யாவர் என்பது முன்னரே முடிவாகியிருந்தமையை விளக்காது. அம்முடிவைச் செய்தது பசியன்று. கூட்டத்தில் கையுயர்த்தும் தகுதி யாருக்கு உண்டு என்பதை வரையறுத்த மனமே.

கொள்ளைக் கூட்டத்தினரும் தமக்குள் நீதியைப் பேணாவிடின் எதனையும் சாதிக்க இயலாது எனப் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் சோக்கிரதீஸ் வாதிக்கின்றார். ஆகவே, ஒரு கூட்டம் தன் உறுப்பினரிடையே நேர்மை காத்தது என்பது மட்டும் அதன் நீதிக்குச் சான்றாகாது. பொன் தேடியோர் அரசின்றியும் ஒழுங்கு காணலாம் என்பதை மெய்ப்பித்தனர். ஒழுங்கு வேறு, நீதி வேறு என்பதையும் அவர்களே மெய்ப்பித்தனர். 'எது முறை?' என்று கேட்பதற்கு முன்னர் 'இவன் நம்மவனா?' என்று கேட்கும் சமூகம், விதிகளை எத்துணைச் செம்மையாக எழுதினும், நீதியின் வாயிலை இன்னும் அடையாததேயாகும்.