ஏணி சொல்லும் பாடம்



ஏப்ரல் 25 நெருங்கினால் ஈஸ்ட் டாமாக்கியில் நம் பிள்ளைகளும் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொள்கிறார்கள். "நம் வீட்டிலிருந்து யாரும் அந்தச் சண்டைக்குப் போகவில்லையே, நாம் ஏன் குத்த வேண்டும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? வடக்கு பிரான்சில் லெ கெனுவா என்ற சிற்றூர் நமக்கு வழி காட்டுகிறது.

முதல் உலகப் போரில் 1914 முதல் ஜெர்மானியர் வசமிருந்த ஊர் அது. சுற்றிலும் பழைய கோட்டை மதில். 1918 நவம்பர் 4 அன்று நியூசிலாந்துப் படை அதைச் சூழ்ந்தது. பீரங்கியால் ஊரையே தகர்த்துவிட்டு நுழைந்திருக்கலாம். உள்ளே குடிமக்கள் இருந்ததால் அப்படிச் செய்யாமல், மதிலில் ஏணி சாத்தி ஏறினார்கள். முதலில் ஏறியவர் லெப்டினன்ட் லெஸ்லி அவெரில். அன்றைய சண்டையில் நியூசிலாந்து வீரர்கள் சுமார் 140 பேர் மாண்டனர். ஊர் மக்களில் ஓர் உயிரும் போகவில்லை. அடுத்த வாரமே போர் முடிந்தது.

1923இல் அம்மதிலில் நினைவுச் சின்னம் எழுந்தது. தெருக்களுக்கு நியூசிலாந்துப் பெயர்களைச் சூட்டினார்கள். ஆண்டுதோறும் ஆன்சாக் நாளன்று மாலை வைக்கிறார்கள். 2023இல் அங்கே திறக்கப்பட்ட நியூசிலாந்து அருங்காட்சியகத்தின் பெயர் 'டே அராஃபாட்டா'. மாவோரி மொழியில் ஏணி என்று பொருள்.

காத்தவரும் இல்லை, காக்கப்பட்டவரும் இல்லை. பிறகும் கடன் உண்டா? அவ்வீரர்கள் அரசின் கட்டளைப்படி வந்தவர்கள்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான். வந்தது கட்டளையால். ஆனால் ஊரைத் தகர்க்காமல் விட்டது ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்தால்தான் அவ்வூரின் பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். ஆகவே நன்றியும் அவர்களுக்குப் பிதுரார்ஜிதமாக வந்து சேர்கிறது.

நம் முன்னோரும் ஊரின் ஆநிரையை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டு வழிபட்டார்கள். அவன் உள்ளூர்க்காரன். லெ கெனுவா மக்கள் நினைவுகூர்வதோ மொழி தெரியாத அயலாரை.

ஷெல்லடிக்குப் பயந்து பதுங்கு குழியில் இரவைக் கழித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஊருக்குள் மக்கள் இருக்கிறார்கள் என்று பீரங்கியை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே பிள்ளையிடம் இப்படிச் சொல்வோம்: "நாம் பூக்குத்துவது போரைக் கொண்டாட அல்ல. முன்பின் அறியாதவரின் உயிரையும் தன் உயிர்போல் எண்ணியவர்களை நினைக்க. அவர்கள் வாழ்ந்த மண்ணில்தான் நாம் இன்று வாழ்கிறோம்."