தலைக்கட்டு யார்?

பெண்ணியல் என்று ஒரு முதுகலைப் படிப்பு இருப்பதே எங்கள் காட்டூர்ப் பக்கம் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்விதான். கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் வந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் இதற்கான மையங்களுக்குப் பணம் தந்தது. ஆனாலும் வேலை என்று பார்த்தால் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. எதை வேலை என்று சொல்லலாம், அதை முடிவு செய்தது யார் என்பதையே பாடமாக வைத்திருக்கிற ஒரு படிப்பிடம் போய் நாம் "என்ன வேலை?" என்கிறோம்.

பொன்னேரி அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் முடித்த ஒரு பெண், ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, எனக்குத் தங்கச்சி மாதிரி, போன வருஷம் இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். 'தாயின் தொழில்' என்ற இடத்தைத் தொட்டதும் ஒரு பட்டியல் விரிந்தது. அரசுப் பணி, தனியார் பணி, விவசாயம், இல்லத்தரசி. அவள் அம்மா விடிவதற்கு முன் கரைக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு பொன்னேரிக்கு பஸ் ஏறி, விற்று மீந்ததைக் கருவாடாக்குகிறவர். "என்னம்மா போடறது?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். "வூட்ல சும்மாதான் கீறேன்னு போடு" என்று பதில் வந்தது.

இந்த மாதிரிப் பட்டியல்களை எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் ஒன்று தெரியும். அட்டவணையில் இடம் வைக்காத ஒன்றைப் பற்றி பிறகு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கேள்வி கேட்டாலும் பதில் வராது. விடுபட்டிருக்கிறது என்றுகூட அது சொல்லாது.

அரசாங்கக் கணக்கும் அப்படித்தான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் 92. அதோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரித்து, வீட்டுக்கான துணியும் தைக்கிறவர் 93. இருவருமே உழைக்கிறவர் கணக்குக்கு வெளியே. (அடுத்த எண் 94, ஓய்வூதியத்திலும் வாடகையிலும் வாழ்கிறவர்களுக்கு. வரிசையைப் பாருங்கள்.) 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை செய்தீர்களா' என்ற கேள்வியோடு, கூலியில்லாமல் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்ததையும் சேர்த்து என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 1974-இன் 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கையிலிருந்து தொடங்கிய பெண்ணியல் ஆய்வாளர்களின் பல வருஷ வாதாட்டம் இருக்கிறது. 2019-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்றது. எண் கிடைத்துவிட்டால் சண்டையாவது போடலாம்.

ஏரிக்கு வருவோம். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. கழி நட்டு வலை கட்டும் நல்ல இடங்களைக் குப்பத்தார் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பணக்காரன் என்பதற்காக ஒருவனுக்கு நல்ல இடம் தொடர்ந்து விழாது. எல்லோரும் ஒரே நாளில் இறங்கி ஏரியை வழித்தெடுக்கவும் முடியாது. நான் பார்த்தவற்றில் இவ்வளவு அழகான பங்கீட்டு நிரல் வேறில்லை. ஆய்வாளர்களும் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் சீட்டில் பெயர் எழுதப்படுவது தலைக்கட்டுகளுக்கு. தலைக்கட்டு என்றால் ஆண், அதுவும் பாரம்பரியமாக அந்த மீனவச் சாதியைச் சேர்ந்த ஆண். சீட்டு குலுக்குவதில் துளி அநியாயம் கிடையாது. குலுக்குவதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது.

இதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஹார்வர்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜான் ரால்ஸ் 1971-இல் நீதிக் கோட்பாட்டை எழுதியபோது, தாம் யாராகப் பிறப்போம் என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் மனிதர்களை உட்காரவைத்து, அங்கிருந்து சமூக விதிகளை எழுதச் சொன்னார். அற்புதமான யோசனை. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களைக் குடும்பத் தலைவர்களாக வைத்துக்கொண்டார்! 1989-இல் சூசன் மோலர் ஓக்கின் இதைப் பிடித்துக்கொண்டார்: குடும்பத்துக்குத் தலைவர் ஒருவர் என்று முதலிலேயே வைத்துவிட்டால், குடும்பத்துக்குள் நீதி இருக்கிறதா என்ற கேள்வி எழவே எழாதே. ஆக, ரால்ஸிடமும் தலைக்கட்டுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் சுலபம். பழவேற்காட்டில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள், இருளர் பெண்கள் உட்பட. கரையில் கூடையோடு நிற்கும் மீனவப் பெண்ணுக்குப் பாட்டில் பெயரில்லை, ஆனால் அவள் வீட்டுக்குப் பாடு உண்டு. தண்ணீரில் இருக்கும் இருளர் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. இவர்கள் இருவரையும் 'பெண்' என்ற ஒரே சொல்லில் கட்டினால், விண்ணப்பத்தின் அந்தப் பட்டியல் செய்த வேலையைத்தான் நாமும் செய்கிறோம். பெண்ணியல் துறைக்குள்ளேயே 1990களில் இந்தச் சண்டை நடந்தது. தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குருவும் ஷர்மிளா ரேகேயும் எழுதியது அப்போதுதான். தன்மேலேயே இப்படிக் கைவைத்துக்கொள்ளும் படிப்புகள் குறைவு. நான் படித்த பொறியியலில் நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அது நடக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது முதலாண்டு. விடுமுறைக்கு வந்தபோது பாட்டைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். குப்பத்துப் பெண்களை எல்லாம் சீட்டில் சேர்த்தால் புருஷன் பெண்டாட்டி இருவரும் உள்ள வீட்டுக்குப் பெரிய வித்தியாசம் வராது. சீட்டும் இரட்டிப்பு, போட்டியும் இரட்டிப்பு. லாபம் விதவைகளுக்கும், புருஷன் விட்டுப் போனவர்களுக்கும். ஆனால் கையால் இறால் பிடிக்கிறவர்களையும் சேர்த்தால் அவள் அப்பாவின் முறை நிஜமாகவே தள்ளிப்போகும். ஏரி பெரிதாகப்போவதில்லை. இறங்குகிறவர்கள் கூடினால் இறாலும் தாங்காது. அவளைப் படிக்கவைக்கிற பணமும் அந்த முறையிலிருந்துதான் வருகிறது.

"இத வீட்ல சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லிட்டேண்ணா. அப்பா ஒண்ணும் பேசல. அம்மாதான் சண்டைக்கு வந்துச்சு."