ஏர் யாருக்கு மருந்து?

திருப்பதியில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு, அலுவலகச் சன்னலைத் திறந்தால் சேஷாசல மலையே முதற்காட்சி. திருவேங்கடவன் உறையும் அம்மலைத்தொடரில்தான் செம்மரமும் வளர்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், அக்காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் 20 தமிழர் மாண்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தவர். மோதல் என்றது காவல்துறை. படுகொலை என்றனர் மனித உரிமை அமைப்பினர்.

அன்று முதல் நண்பர்கள் கூடும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாது எழும்: "இந்த இளைஞர்களை உழவில் ஈடுபடுத்தினால் திருந்திவிடுவார்கள்." நானும் அதைச் சொன்னவனே. உழைப்பு உள்ளத்தைப் பண்படுத்தும் என்பது நம் நெடுநாளைய நம்பிக்கை. ஆயினும், உழவு தானாகவே ஒருவனைத் திருத்திவிடுமா?

பிரான்சு நாட்டில் 1840இல் மெத்ரே என்னுமிடத்தில், நெறி தவறிய சிறுவர்களுக்கென வேளாண் குடியிருப்பு ஒன்று அமைத்தனர். நன்னோக்குடன் தொடங்கிய அது, பின்னாளில் கொடிய அடக்குமுறைக்கே பெயர் பெற்றது. அனந்தபுரத்தின் திறந்தவெளிச் சிறையிலோ, கைதிகள் உயர்மதிலின்றி நிலத்தில் உழைக்கின்றனர். கூலியும் தண்டனைக் குறைப்பும் பெறுகின்றனர். இரண்டிடத்தும் மண் ஒன்றே. மனிதனை நடத்தும் முறையே வேறு. ஆகவே, திருத்தும் ஆற்றல் மண்ணில் மட்டும் இல்லை. உழைப்பவன் மீது நாம் வைக்கும் நம்பிக்கையிலும், அவனுக்குச் சேரும் பயனிலும் இருக்கிறது.

மேலும், சவ்வாதுமலை இளைஞன் உழவு அறியாதவன் அல்லன். சாமை விதைத்து மூன்று திங்களுக்கு மேல் காத்திருந்து அறுப்பவன் அவன். வானம் பொய்த்து, விலையும் வீழ்ந்து, வேலையற்ற மாதங்கள் வரும்போதுதான் முன்பணத்தோடு தரகன் வருகிறான். திருக்குறளில் 104ஆம் அதிகாரம் உழவு. அடுத்த அதிகாரமே வறுமையைப் பேசும் நல்குரவு. அவ்வடுத்தடுத்த வைப்பு எனக்கு ஓர் எச்சரிக்கையாகவே தோன்றுகிறது.

இங்கு என் மனச்சான்று என்னையே வினவுகிறது. மாதம் பிறந்தால் ஊதியம் வாங்கும் நான், என் மகன் ஏர் பிடிக்க வேண்டுமென ஒருநாளும் விரும்பியதில்லை. அவனைத் தேர்வுகளுக்கே ஆயத்தப்படுத்தினேன். மலைவாழ் தாயின் மகனுக்கு மட்டும் ஏரை மருந்தாகப் பரிந்துரைப்பது எவ்வகை அறம்?

உழவால் இளைஞரைக் காக்க இயலும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு நிலவுரிமை வேண்டும். 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது. சாமையை மலையிலேயே பதப்படுத்தி விற்கும் கூட்டுமுயற்சிகள் சவ்வாதுமலையில் தோன்றியுள்ளன. அவை பெருக வேண்டும். கோடையிலும் கைக்கு வேலை வேண்டும். விரும்புவோர்க்குக் கல்வியின் வாயிலும் திறந்திருக்க வேண்டும்.

பிறர் பிள்ளைக்கு ஒரு வழியைக் காட்டுமுன், என் பிள்ளையை அவ்வழியில் அனுப்பத் துணிவேனா என்று கேட்டுக்கொள்வதே நேர்மை. துணிய இயலாதெனில், முதலில் செப்பனிட வேண்டியது வழியையே. மலையை நோக்கும் ஒவ்வொரு காலையும் அக்கடமை என் நினைவுக்கு வருகிறது.